ஒரு சாக்கட்டிச் சித்திரம் யார் யார் கையில் இருந்தது என்ற பட்டியலை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. பாரிஸ் ஏலம் ஒன்றின் கேட்டலாக்கில் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சித்திரம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் தலை, சிவப்பு, கருப்பு, வெள்ளை என மூன்று சாக்கட்டிகளால் வரைந்தது. சித்திரத்தைப் பற்றி நாலே வரி, ஆனால் அதற்குக் கீழே அது யாரிடம் இருந்தது, அப்புறம் யாரிடம் போனது என்று பன்னிரண்டு வரி. 'ஒருவேளை ஜூலியென்' என்று தொடங்குகிறது, பிறகு மரியெட், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எல். 1852', பிறகு ஏறத்தாழ நூறு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை, கடைசியில் 'தனியார் சேகரிப்பு, பாரிஸ்'. இத்தனை பெரிய பெயர்கள் இருந்தால் சித்திரம் அசல்தானே, அல்லது பெயர்களைப் போட்டு விலையை ஏற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வரைந்த கை யாருடையது என்பது ஒன்று, இந்தத் தாள் எந்தெந்த வீட்டில் இருந்தது என்பது இன்னொன்று. அந்தப் பட்டியல் பதில் சொல்ல முயல்வது இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான். முதல் கேள்விக்கு அது துணைச் சாட்சி, அவ்வளவே.

நான் பழைய காகிதங்களைச் சீர்செய்து பாதுகாக்கும் வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன், கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் 17, 18ஆம் நூற்றாண்டுத் தாள்கள். வரைந்தவர் இவர்தான் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. அதற்கு ஒரே ஓவியரின் கோடுகளை ஆயுள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண் வேண்டும். தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று படிப்பது என் வேலை, அதனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறேன்.

வீட்டுமனை வாங்கப் போனால் நம் ஆட்கள் முதலில் மூலப்பத்திரத்தைக் கேட்பார்கள், அப்புறம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். சித்திரத்தின் உடைமை வரலாறும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மனைக்குப் பதிவு அலுவலகம் இருக்கிறது, நாலு எல்லை இருக்கிறது, மனை நகராது. 25 சென்டிமீட்டர் காகிதத்துக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. ஒருவர் பெட்டியிலிருந்து இன்னொருவர் பெட்டிக்கு ரொக்கத்துக்கோ, சீதனமாகவோ, நட்புக்கோ போயிருக்கும், பல தடவை ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக நிறுத்தி, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு பெயரும் ஒரே பலத்தில் நிற்பதில்லை. பெயர்களுக்கு நடுவில் உள்ள நிறுத்தக்குறிகளையும் கவனியுங்கள். பல அருங்காட்சியகங்களில், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நேராகப் போனது தெரிந்தால் அரைப்புள்ளி போடுவார்கள், நடுவில் இடைவெளி இருந்தால் முற்றுப்புள்ளி. எல்லா ஏல நிறுவனங்களும் இதைப் பின்பற்றுவதில்லை, ஆனால் பின்பற்றுகிற இடத்தில் அந்தச் சின்னப் புள்ளிக்குள் ஐம்பது வருட மௌனம் இருக்கும்.

நீளமான பட்டியல்தான் நல்ல பட்டியல் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகோனார் 1760 கோடையில், கலை ஆர்வலரான பாதிரியார் அபே த சேன்-நோனோடு இத்தாலியின் திவோலியில் வில்லா தெஸ்தெ மாளிகையில் தங்கி, அங்கிருந்த மரங்களையும் படிக்கட்டுகளையும் அருவிகளையும் சிவப்புச் சாக்கட்டியில் பெரிய பெரிய தாள்களில் வரைந்தார். அவற்றில் பத்துத் தாள்கள் கட்டடக் கலைஞர் பியேர்-அத்ரியன் பாரியிடம் வந்து சேர்ந்தன. அவர் 1819இல் இறந்தபோது தன் சேகரிப்பைப் பிறந்த ஊரான பெசான்சோனுக்கு எழுதி வைத்தார், அன்றிலிருந்து அவை அங்கேயே இருக்கின்றன. பட்டியல் போட்டால் இரண்டு வரிதான் வரும். ஆனால் அந்த இரண்டு வரியும் உங்கள் பன்னிரண்டு வரியைவிட உறுதி, ஏனென்றால் உயில் இருக்கிறது, ஊர் இருக்கிறது, 200 வருடமாகத் தாள் இடம் மாறவில்லை.

இப்போது அந்த 'ஒருவேளை ஜூலியென்'. ஜூலியென், வாட்டோ என்ற பிரெஞ்சு ஓவியரின் நண்பர், அதனால் இதைப் புரிந்துகொள்ள வாட்டோவின் பழக்கம் கொஞ்சம் தெரிய வேண்டும். சாக்கட்டி, சுருக்கமாகச் சாக்கு, என்றதும் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் நினைவுக்கு வரும். இது அது இல்லை, பெரும்பாலும் மண்ணிலிருந்து வெட்டியெடுத்த கல். சிவப்பு நம்ம ஊர்க் காவிக்கல்லின் உறவு, இரும்பு ஆக்சைடு கலந்த களிமண். கருப்பு கரிமம் செறிந்த ஒரு வகைப் பலகைப்பாறை. வெள்ளை, சுண்ணமோ மாக்கல்லோ. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு முகத்தின் சதையையும் முடியையும் மூக்கு நுனி வெளிச்சத்தையும் கொண்டுவருவதில் வாட்டோவை மிஞ்சியவர்கள் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவர் சித்திரங்களைப் புத்தகமாகக் கட்டி வைத்திருந்தார், எண்ணெய் ஓவியத்துக்கு ஆள் தேவைப்படும்போது அதைப் புரட்டி உருவங்களை எடுத்துக்கொள்வார். 1721இல், 37 வயது நிறைவதற்குள் இறந்துபோனார். சித்திரங்கள் ஜூலியென், அபே அரான்ஷே, எனன், கலைப்பொருள் வணிகர் ஜெர்சென் என்ற நான்கு நண்பர்களுக்கும் பகிர்ந்து போயின. ஜூலியென் அத்தோடு நிற்கவில்லை. அப்போது இளம் ஓவியராக இருந்த பூஷே உள்பட பலரை அமர்த்தி, அந்தச் சித்திரங்களைச் செப்புத்தகட்டில் பொறிக்க வைத்து, 1726 முதல் 1728 வரை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார், மொத்தம் 351 அச்சுகள். அதனால் ஒரு வாட்டோ தாளில் உள்ள உருவம் அந்தத் தொகுதிகளில் இருந்தால், 1720களில் அந்தத் தாள் ஜூலியென் வட்டத்தில் இருந்தது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

ஆனால் காரணம் வேறு, சான்று வேறு. பொறிப்பதற்கு நண்பர் ஒருவரின் தாளை இரவல் வாங்கியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. அந்த அச்சுகள் வெளிவந்த நாளிலிருந்து, ஓவியம் பழகும் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சிவப்புச் சாக்கில் பிரதி எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பொறிக்கும்போது படம் பல நேரம் இடவலம் மாறிவிடும். ஆகவே கையில் இருக்கும் 'சித்திரம்' அச்சுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அச்சின் திசையிலேயே, அதே அளவில், அச்சில் உள்ள ஒவ்வொரு சுருக்கத்தோடும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். 'ஒருவேளை' என்ற சொல்லை நேர்மையான கேட்டலாக் இந்த மாதிரி இடத்தில்தான் போடும், அப்படிப் போட்டதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

'ஒருவேளை' வருவதற்கு இன்னொரு காரணம் ஏலப் பட்டியல்களின் சுருக்கம். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஏலத்துக்கு அச்சிட்ட பட்டியல் இருந்தது, ஆயிரக்கணக்கில் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் உள்ளே 'பெண்ணின் தலை, மூன்று சாக்கு' என்பது போல் ஒரு வரிதான் இருக்கும். சில இடத்தில் பத்து பதினைந்து சித்திரங்களை ஒரே கட்டாக விற்றிருப்பார்கள், அதற்குள் உங்கள் பெண் இருந்தாளா என்று யாரால் சொல்ல முடியும்? அளவு கொடுத்திருந்தால் அது வரப்பிரசாதம். அந்தக் கால அளவு பூஸ், லீன்யு. ஒரு பூஸ் ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர், பன்னிரண்டு லீன்யு சேர்ந்தால் ஒரு பூஸ். 'உயரம் 9 பூஸ், அகலம் 6 பூஸ் 6 லீன்யு' என்று இருந்தால் 24.4க்கு 17.6 சென்டிமீட்டர் வரும், அதை ஸ்கேலை வைத்துத் தாளோடு ஒப்பிடலாம். சரியாக வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் வராவிட்டாலும் முடிந்தது என்று இல்லை. புதுச் சட்டத்துக்காக ஓரத்தை வெட்டியிருப்பார்கள், இதை எத்தனையோ தாளில் பார்த்துவிட்டேன், கோட்டின் நடுவிலேயே கத்தி போயிருக்கும். கப்ரியேல் த சேந்தோபான் என்ற ஓவியருக்கு இந்த இடத்தில் நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். 1780இல் இறந்தவர். ஏலம் நடக்கும்போதெல்லாம் போய் உட்கார்ந்து, அச்சிட்ட பட்டியலின் ஓரத்திலேயே விற்பனைக்கு வந்த படங்களைக் கட்டைவிரல் நகம் அளவில் வரைந்து வைத்தார். மரியெட் ஏலத்துக்கு அவர் வரைந்த பிரதி இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பெண்ணின் தலை' என்ற வெற்று வரிக்குப் பக்கத்தில் அவர் கிறுக்கல் இருந்தால் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியும். அது போதும், 'ஒருவேளை'யை அழித்துவிடலாம்.

அடுத்த பெயர் மரியெட். உங்கள் பட்டியலில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஆதாரம் உள்ள பெயர் இதுதான். 'எல். 1852' என்பதில் எல் என்றால் லுக்த். ஃப்ரிட்ஸ் லுக்த் என்ற டச்சுக்காரர், சித்திரங்களிலும் அச்சுகளிலும் சேகரிப்பாளர்கள் குத்திவைத்த முத்திரைகளை எல்லாம் தேடித் திரட்டி, எண் போட்டு, 1921இல் ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாக வெளியிட்டார். 3,000க்கும் மேற்பட்ட குறிகள். 1956இல் அதற்கு இணைப்புத் தொகுதியும் வந்தது. அவர் நிறுவிய ஃபொந்தசியோன் கஸ்தோதியா பாரிஸில் இருக்கிறது, 2010 முதல் முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1852 என்பது வருடம் என்று பலர் நினைத்துக் குழம்புவார்கள், அது வரிசை எண். அந்த எண்ணில் இருப்பது ஒரு சின்ன வட்டத்துக்குள் எம் என்ற எழுத்து, பியேர்-ஜான் மரியெட்டின் முத்திரை.

மரியெட்டைப் பற்றி எழுதினால் எனக்கு நிறுத்த வராது. 1694இல் பிறந்தவர், அச்சு வணிகக் குடும்பம். க்ரோசா என்ற பெருந்தனக்காரர் ஏறத்தாழ 19,000 சித்திரங்கள் வைத்திருந்தார், வாட்டோ தங்கி இத்தாலியச் சித்திரங்களைப் பிரதியெடுத்துப் பழகியது அவர் வீட்டில்தான். க்ரோசா இறந்தபின் அந்தச் சேகரிப்பை விற்று ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1741இல் அந்த ஏலத்துக்குப் பட்டியல் எழுதியவர் மரியெட், தனக்கும் நிறைய வாங்கிக்கொண்டார். அவர் கைக்கு வந்த தாளை நீல நிற மவுண்டில், அதாவது தாங்கு அட்டையில், ஒட்டி, சுற்றிலும் கோடு இழுத்து, ஒரு பொன் வரி விட்டு, கீழே அழகான சட்டகத்துக்குள் ஓவியர் பெயரை எழுதி வைப்பார். அந்த நீலத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். இருபுறமும் வரைந்த தாள் வந்தால் அதைக் குறுக்கே பிளந்து, ஒரே தாளை இரண்டு மெல்லிய தாளாக்கி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஒட்டிவிடுவார். அப்படிப் பிளந்த தாள் ஒன்று முதல்முறை என் மேசைக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது வெங்காயத் தோல் மாதிரி இருந்தது, காகிதம் வார்த்த கம்பி வலை விட்ட கம்பித் தடங்களுக்கு நடுவே, பிரிந்துபோன அந்த மறுபாதியின் கோடுகள் நிழலாகத் தெரிந்தன. எவ்வளவு பொறுமையான கை என்று நினைத்துக்கொண்டே வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். 1774இல் அவர் இறந்தார். ஏலம் 1775 நவம்பரில் தொடங்கி 1776 ஜனவரி முடிய நடந்தது. அரசருக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் வாங்கப்பட்டன, அவை இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்றவை உலகமெங்கும் சிதறின.

முத்திரை இருந்தால் மரியெட் வைத்திருந்தார் என்பது உறுதியா? பெரும்பாலும் ஆம், முழுக்க இல்லை. பேர்போன முத்திரைகளைப் போலியாகச் செய்து குத்தியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், விலை அதில் இருப்பதால். நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முத்திரை மை காகித இழைக்குள் இறங்கியிருக்கிறதா, அல்லது மேலே மிதக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பேன். தாளில் ஏற்கெனவே இருந்த அழுக்கு, மடிப்பு, பூச்சித் துளை இவற்றோடு அதற்கு என்ன உறவு என்று பார்ப்பேன். மடிப்பில் தேய்ந்த இழையின் மேல் மை ஏறியிருந்தால், மடிப்பு விழுந்து தேய்ந்த பிறகுதான் முத்திரை குத்தியிருக்கிறார்கள். இதோடு நீல மவுண்டும் இருந்து, 1775 பட்டியலில் பொருந்தும் வரியும் இருந்தால் எனக்கு மேலே கேள்வி இல்லை. முத்திரை மட்டும் தனியாக நின்றால் 'மரியெட்டாக இருக்க நல்ல வாய்ப்பு' என்பதற்கு மேல் போகமாட்டேன்.

போலியே இல்லாமல் உண்மையான குறியைக்கூட ஊர் முழுக்கத் தப்பாகப் படித்த கதை உண்டு. பல சித்திரங்களின் மூலையில் மையால் ஒரு சுழிப்புக் கையெழுத்தும் எண்ணும் இருக்கும், லுக்த் எண் 2951. நீண்ட காலமாக அது க்ரோசாவின் குறி என்று எல்லோரும் எழுதினார்கள். லூவ்ரைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் அது க்ரோசாவுடையது இல்லை, தெசாலியே தார்ஜன்வில் என்ற வேறொரு சேகரிப்பாளருடையது என்று நிறுவி 1996இல் வெளியிட்டார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தாள்களின் வரலாற்றில் ஒரு பெயர் அழிந்து இன்னொரு பெயர் ஏறியது. தாள்களோ அப்படியேதான் இருந்தன. பழைய கேட்டலாக்கில் 'க்ரோசா' என்று பார்த்தால் அது எந்த வருடத்துக் கேட்டலாக் என்று நான் பார்ப்பது இதனால்தான்.

பிறகு அந்த நூறு வருட மௌனம். இங்கே உங்களைக் கொஞ்சம் ஆறுதல்படுத்தலாம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, ஓவியர் தாவீதின் காலத்தில் வாட்டோவும் பூஷேவும் ஃப்ராகோனாரும் செல்லாக்காசு ஆனார்கள். விலை விழுந்தது, மதிப்பும் விழுந்தது, பட்டியல் போட்டு வைக்கிற பெரிய மனிதர்களின் கையிலிருந்து பழைய புத்தகக் கடைகளின் கட்டுகளுக்குப் போனது ஏராளம். ஓடிப்போன பிரபுக்களின் உடைமையைப் பறிமுதல் செய்ததும் அப்போதுதான். சேன்-மோரீ பிரபுவின் 12,000க்கும் மேற்பட்ட சித்திரங்கள் 1793இல் அப்படித்தான் அரசுடைமையாகி, இன்று லூவ்ரில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் எழுத்தாளர்களான கோன்கூர் சகோதரர்கள் போன்றவர்கள் அந்தக் கட்டுகளைக் கிளறி, இவற்றை மறுபடி காதலித்தார்கள். தம்பி ஜூல் 1870இல் போய்விட்டார், அண்ணன் எத்மோன் 1896இல். தன் சித்திரங்கள் அருங்காட்சியகம் என்ற குளிர்ந்த கல்லறைக்குள் போகக்கூடாது, ஏலத்தில் சிதறி, தன்னைப் போல ரசிக்கும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டும் என்று அண்ணன் உயிலில் எழுதினார், அப்படியே 1897 பிப்ரவரியில் பாரிஸின் ஒத்தெல் துருவோ ஏலக்கூடத்தில் விற்றார்கள். ஆக 1776க்கும் 1860க்கும் நடுவில் பெயர் இல்லை என்பதே ஒரு குறையாகாது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் தாள்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படித்தான்.

ஆனால் உங்கள் பட்டியலின் கடைசியில் உள்ள 'தனியார் சேகரிப்பு, பாரிஸ்' என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை, இதைத்தான் நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டும். எந்த வருடத்திலிருந்து? 1933க்கும் 1945க்கும் நடுவில் தாள் யாரிடம் இருந்தது? நாஜிகள் பாரிஸில் யூதக் குடும்பங்களின் சேகரிப்புகளை வீடு வீடாகப் பறித்து ஜூ த போம் கட்டடத்தில் குவித்தார்கள், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இந்தப் பறிப்பைச் செய்த நாஜி அமைப்பு ஒன்று மட்டும் அள்ளியது 20,000 பொருளுக்கு மேல். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சித்திரங்கள் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி வைத்து எண் போட்டார்கள், ரோத்ஷில்ட் என்றால் ஆர், தவீத்-வெய்ல் என்றால் டி.டபிள்யூ. அந்தக் குறி இன்றும் சில பொருள்களின் பின்புறத்தில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ரோஸ் வாலான் என்ற பெண்மணி, ஜெர்மானியர்களுக்குத் தெரியாமல் எது எங்கே போகிறது என்று குறித்து வைத்ததால்தான் எத்தனையோ திரும்பக் கிடைத்தன. பறித்த பொருள் தெரியாமல் பெரிய அருங்காட்சியகங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. செக் நாட்டு பிர்னோ நகரில் வாழ்ந்த வழக்கறிஞர் ஆர்தர் ஃபெல்ட்மானின் சித்திரங்களை 1939 மார்ச்சில் பறித்துக்கொண்டார்கள். அவர் 1941இல் இறந்தார், மனைவி ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அந்தச் சித்திரங்களில் நான்கு, போருக்குப் பின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்திருந்தன, 2006இல்தான் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்தது. அதனால் இந்த 12 வருடத்துக்கு 'தெரியவில்லை' என்பது பதிலாகாது, குறைந்தபட்சம் தேடினோம், எங்கே தேடினோம் என்றாவது ஏல நிறுவனம் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நாஜிகள் பறித்த பொருள்களைப் பற்றிய 1998 வாஷிங்டன் மாநாட்டுக்குப் பிறகு நிலைமை மாறியது. பிரான்சும் 2023இல், அரசுச் சேகரிப்பில் உள்ள அப்படிப்பட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்க வழிசெய்து சட்டம் போட்டிருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு, அசல்தானா என்பதற்கு, தாளை வைத்து நான் எவ்வளவு தூரம் போக முடியும்? சிவப்புச் சாக்குப் போலத் தெரிகிற மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, கையால் வரைந்தது. இரண்டு, ஒற்றுப்படி: வரைந்த தாளின் மேல் ஈரத் தாளை வைத்து அச்சுப்பொறியில் அழுத்தி எடுப்பது, படம் இடவலம் மாறி, வெளிறி வரும். மூன்று, அச்சு: 1757 வாக்கில் ஜான்-ஷார்ல் ஃபிரான்சுவா சாக்கின் சொரசொரப்பையே செப்புத்தகட்டில் கொண்டுவரும் முறையைக் கண்டுபிடித்தார், ஜில் தெமார்த்தோ அதில் பூஷேவின் சித்திரங்களை நூற்றுக்கணக்கில் சிவப்பு மையில் அச்சடித்து விற்றார். கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். லென்ஸில் பார்த்தால் நிஜச் சாக்கு, காகித மேட்டில் மட்டும் பொடியாக உட்கார்ந்திருக்கும், பள்ளத்தில் வெள்ளை தெரியும். ஒற்றுப்படியில் பொடி அமுங்கித் தட்டையாக இருக்கும். தெமார்த்தோ அச்சில் பொடியே இருக்காது, பல்சக்கரம் ஓடிய புள்ளிகள் வரிசையாக, மையாக இருக்கும். அப்புறம் நிழல் கோடுகளின் சாய்வு. வலக்கைக்காரர் இயல்பாக இழுத்தால் கோடு மேல் வலத்திலிருந்து கீழ் இடத்துக்குச் சாயும். தாள் முழுக்க அது மேல் இடத்திலிருந்து கீழ் வலத்துக்குச் சாய்ந்தால், வரைந்தவர் இடக்கைக்காரரா அல்லது இது ஒற்றுப்படியா என்று கேட்க வேண்டும். ஒற்றுப்படி என்றால் மட்டம் என்று இல்லை, ஃப்ராகோனாரும் அவர் காலத்து ஓவியர் உபேர் ரொபேரும் எடுத்தவை உண்டு, ஆனால் விலையும் பெயரும் வேறு.

காகிதமும் பேசும், அதையும் முழுக்க நம்பக்கூடாது. பிரெஞ்சு நீர்க்குறியில், அதாவது வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும் ஆலைக் குறியில், '1742' என்று இருந்தால் அந்த வருடத்துக் காகிதம் என்று எழுதிவிடுவார்கள். அந்த வருடத்திலிருந்து தேதி போட வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது, ஆலைக்காரர்கள் பலர் 1742 என்று ஒருமுறை காகிதம் வார்க்கும் கம்பி வலையில் கட்டியதைப் பல பத்தாண்டுகள் மாற்றவே இல்லை. கம்பித் தடமே இல்லாத வழவழப்பான காகிதத்தில் 'வாட்டோ' வந்தால் நான் உடனே எழுந்துவிடுவேன், அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான் அந்தக் காகிதமே பிறந்தது. ஆக, காகிதத்தால் 'இவர் இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடியும், 'இவர்தான்' என்று சொல்ல முடியாது. பழைய வெற்றுத் தாளில் பிற்காலத்துக் கை வரைந்திருக்கலாம், காவிக்கல்லுக்கு வயது தெரியாது. கண் பழகியவர்களின் தீர்ப்பும் மாறுகிறது. வாட்டோ சித்திரங்களுக்கு 1950களில் வந்த பெரிய பட்டியல் 900க்கும் மேற்பட்டவற்றை ஏற்றது, 1996இல் வந்தது 700க்கும் குறைவானவற்றையே ஏற்றது. நடுவில் தள்ளுபடியானவற்றிலும் நல்ல வீடுகளில் இருந்த தாள்கள் உண்டு. மரியெட்டே தவறாகப் பெயர் எழுதிய மவுண்டுகள் இருக்கின்றன, அவ்வளவு பெரிய கண்ணுக்கும் சறுக்கும்.

பெயர்களைப் போட்டு விலையை ஏற்றுகிறார்களா என்றால், ஆமாம், மரியெட் முத்திரைக்கு விலை உண்டு, அதில் ஒளிவுமறைவு இல்லை. எனக்கும் அந்த விலை நியாயமாகத்தான் படுகிறது. ஒரு தாளை யார் யார் நேசித்தார்கள் என்பதும் அந்தத் தாளின் பகுதிதான். ஆனால் பணம் கொடுப்பது எதற்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஏல நிறுவனத்துக்கு எழுதி, சட்டத்திலிருந்து எடுத்த நிலையில் முன்பக்கமும் பின்பக்கமும், பழைய மவுண்டும் பின் அட்டையும் இருந்தால் அவற்றையும் படம் கேளுங்கள். பின் அட்டையை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஒரு சிவப்புச் சாக்குத் தாளைக் கொண்டு வந்தார், சட்டம் போடும் கடையில் 'பழைய அட்டை அமிலம் ஏறிக் கிடந்தது, தூக்கிப் போட்டுவிட்டோம்' என்றார்களாம். அதில் ஒரு சுங்க முத்திரையும் பாதி கிழிந்த ஏலச் சீட்டும் இருந்ததை அவர் கைபேசியில் தற்செயலாக எடுத்த மங்கலான படத்தில் பார்த்தேன். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் சட்டத்தின் நிழலில் போய்விட்டிருந்தது. அந்த இரண்டு இலக்கத்தைத் தேடி நாங்கள் மாதக்கணக்கில் அலைந்தோம், கிடைக்கவில்லை. அதனால் அட்டையைக் கேளுங்கள். அப்புறம் 'ஒருவேளை ஜூலியென்' என்பதற்கு எந்த ஏலம், எந்த வரிசை எண், அளவு பொருந்துகிறதா என்று கேளுங்கள். 1933 முதல் 1945 வரை என்ன தேடினார்கள் என்று கேளுங்கள். படம் வந்தால் எனக்கும் காட்டுங்கள், முத்திரைப் பக்கத்தைப் பெரிதாக்கி எடுத்ததாக இருக்கட்டும், ஒரு ஸ்கேலையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.